அரங்கம் மறுக்கப்பட்டவர்கள் நடத்திய கிறிஸ்துமஸ்

1977 டிசம்பர் 25, மதிய நேரம். வட இங்கிலாந்தில் கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தில், ஐவன்ஹோஸ் என்ற சிறிய கிளப்புக்குள் குழந்தைகள் நுழைகிறார்கள். உள்ளே பெரிய கேக், பரிசாகக் கொடுக்க ஸ்கேட்போர்டுகள். மேடையேறப் போகிறவர்களோ, அந்த நாடே வசைபாடிக்கொண்டிருந்த பங்க் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ்.

அந்தச் சிறிய அறைக்கு இவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? அதற்கு இரண்டு கதைகள் தெரிய வேண்டும்.

முதல் கதை தடையைப் பற்றியது. குழுவின் பாடகர் ஜானி ராட்டன், அயர்லாந்திலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. 1976 டிசம்பர் 1 அன்று தொலைக்காட்சி நேரலையில் குழுவினர் கெட்ட வார்த்தை பேசிவிட்டார்கள். அதன்பின் அவர்கள் புறப்பட்ட இசைப் பயணத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் ரத்தாயின. ஊருக்கு ஊர் நகர மன்றங்களும் அரங்க உரிமையாளர்களும் இடம் தர மறுத்தார்கள். டெர்பி நகர மன்றமோ, முதலில் எங்கள் முன் பாடிக் காட்டுங்கள், பிறகு அனுமதி பற்றி யோசிக்கிறோம் என்றது. குழு மறுத்துவிட்டது. 1977 மே மாதம், ராணியின் வெள்ளிவிழாக் கொண்டாட்ட நேரத்தில் வந்த அவர்களுடைய 'காட் சேவ் தி குயின்' பாடலை பிபிசி தடை செய்தது. அப்படியும் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்த ஆகஸ்டில் பெயரை மறைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் பாடினார்கள்.

இரண்டாவது கதை வேலைநிறுத்தம் பற்றியது. 1977 நவம்பர் 14 அன்று பிரிட்டனின் தீயணைப்புத் தொழிலாளர்கள் தங்கள் சங்க வரலாற்றில் முதல் முறையாக நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது 30 சதவீத ஊதிய உயர்வு. பணவீக்கத்தைக் காரணம் காட்டி, 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றது அரசு. அதுவும் தொழிலாளர்களின் பெயரைச் சொல்லி ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி அரசு. பழைய தீயணைப்பு வண்டிகளோடு ராணுவத்தை இறக்கியது. சம்பளமில்லாமல் வாரங்கள் ஓடின. கிறிஸ்துமஸும் வந்தது.

இந்த இரண்டு கதைகளும் ஐவன்ஹோஸில் சந்தித்தன. வேலைநிறுத்தம் செய்த தீயணைப்பாளர்களின் பிள்ளைகள், வேலை இழந்தவர்களின் பிள்ளைகள், தாயோ தந்தையோ தனியாக வளர்க்கும் பிள்ளைகள் ஆகியோருக்காக மதியம் ஒரு நிகழ்ச்சி நடந்தது. இரவு பெரியவர்களுக்கு இன்னொன்று. குழந்தைகள் கேக்கை ராட்டன் மீது அப்பினார்கள். முகமெல்லாம் கேக்கோடு அவர் பாடினார். ஊரே பயந்த அந்த மனிதரைக் கண்டு அந்தக் குழந்தைகள் பயப்படவில்லை.

அதற்குப் பிறகு 1996 வரை அவர்கள் பிரிட்டனில் பாடவில்லை. 1978 ஜனவரி 14 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடியதோடு குழு உடைந்தது. இரண்டு நாள் கழித்து வேலைநிறுத்தமும் முடிந்தது. அப்போது கிடைத்தது 10 சதவீதம்தான், கூடவே வருங்கால ஊதியம் பற்றிய ஓர் உறுதிமொழி. அந்தக் கிறிஸ்துமஸ் நாளை ஜூலியன் டெம்பிள் படம் பிடித்து வைத்திருந்தார். 2013இல் அதை ஒளிபரப்பியது வேறு யாருமல்ல, பிபிசிதான்.

தோழர்களே, இவர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. இந்தக் குழுவைச் சேர்ந்த சிட் விஷஸ் அதிர்ச்சி மதிப்புக்காக ஸ்வஸ்திகா சட்டை போட்டுத் திரிந்தவர். நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் வலி அவருக்கு வெறும் அலங்காரம். கலகத் தோற்றம் எல்லாம் விடுதலை அரசியல் ஆகிவிடாது.

அவர்கள் சந்தித்த தடையும் சாதித் தடையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயரை மாற்றியதும் அவர்களுக்குக் கதவு திறந்தது. பிறப்பைக் காட்டிப் பூட்டிய கதவு, பெயரை மாற்றுவதால் திறப்பதில்லை.

ஆனாலும் எனக்கு இந்த நாள் முக்கியம். ராணியைக் கேலி செய்த பாட்டு அவர்களுக்குப் புகழ் தந்தது, பணமும் தந்தது. ஹடர்ஸ்ஃபீல்டு மதியம் தந்தது ஒரு முகம் நிறையக் கேக் மட்டுமே. போராட்டம் என்றால் நாம் முழக்கத்தையும் கோரிக்கை மனுவையும் நினைக்கிறோம். சம்பளம் நின்ற வீட்டில் பண்டிகை நாளன்று பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசிப்பதும் போராட்ட வேலைதான். அடுத்த முறை ஒரு வேலைநிறுத்தப் பந்தலுக்குப் பறையோடும் பாட்டோடும் போகும்போது, அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கும் சேர்த்து ஒரு பாட்டுப் பாடுங்கள்.