குருதி ஆற்றில் ஒரு குழந்தை

குருதி தெறிக்கும் அச்சப் படங்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கற்றோர் பெரும்பாலும் கொள்வதில்லை. உடற்சிதைவைக் காட்டிக் காசு சேர்க்கும் மலிவான தொழில் என்று அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள்ளும் அறம் பேசிய படைப்பு உண்டு என்பதற்கு, 1960-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஜிகோகு' சான்றாகும். அச்சொல்லுக்கு 'நரகம்' என்பது பொருள்.

1947-இல் தோன்றிய ஷின்டோஹோ நிறுவனம், 1955 முதல் மித்சுகு ஓகுராவின் தலைமையில், குறைந்த செலவில் பரபரப்பூட்டும் படங்களை எடுத்து வந்தது. முன்னோரின் ஆவிகள் இல்லம் திரும்புவதாக நம்பப்படும் ஓபோன் விழா கோடையில் வருவதால், அப்பருவத்தில் பேய்க்கதைகளைத் திரையிடுவது அந்நாட்டு வழக்கம். இவ்வகைப் படங்களில் கைதேர்ந்தவர் இயக்குநர் நொபுவோ நகாகவா (1905–1984). 'யோத்சுயா' பேய்க்கதையை 1959-இல் திரையில் வடித்துப் புகழ்பெற்ற அவர், அடுத்த ஆண்டே நரகத்தை எடுத்துக்கொண்டார்.

கதைத் தலைவன் ஷிரோ ஒரு மாணவன். நண்பன் தமுரா ஓட்டும் காரில் அவன் செல்கையில், குடிபோதையிலிருந்த ஒருவன் அடிபட்டு வீழ்கிறான். கார் நிற்கவில்லை. ஷிரோ கொலைஞன் அல்லன், உடன் இருந்தவன். அவனை வருத்துவது செய்த வினையன்று, செய்யத் தவறிய வினை. காவலரிடம் உண்மையைக் கூறப் புறப்படும்போது வாடகைக் கார் விபத்தில் காதலி யுகிகோ இறக்கிறாள். பின்னர் அவனைச் சூழ்ந்தோர் அனைவரும் மடிய, பிற்பகுதி முழுவதும் நரகத்தில் நிகழ்கிறது.

அங்கே தோல் உரிக்கப்படுகிறது, உடல் அறுக்கப்படுகிறது. உடற்சிதைவுப் படங்களின் முன்னோடியாக மேலைநாட்டார் போற்றும் அமெரிக்கப் படமாகிய 'பிளட் ஃபீஸ்ட்' வெளிவந்தது 1963-இல்தான். எனினும், நகாகவாவின் காட்சிகளைப் புதுமை என்பது பொருந்தாது. கென்ஷின் என்னும் துறவி 985-இல் இயற்றிய 'ஓஜோயோஷு', எண்பெரும் நரகங்களை விரித்துரைத்தே தொடங்குகிறது. 12-ஆம் நூற்றாண்டின் நரக ஓவியச் சுருள்கள் அவற்றுக்கு வண்ணம் தந்தன. பிற்காலத்தில் குமானோ பிக்குணிகள் ஊர்தோறும் இத்தகைய ஓவியங்களை விரித்து, மக்களுக்கு விளக்கிக் கூறினர். நகாகவாவின் திரை அந்த விரிப்பின் வழித்தோன்றல் எனலாம்.

எனினும், பழைய ஓவியங்கள் தீர்ப்போடு நிறைவுறுகின்றன. இப்படமோ தீர்ப்புக்கு அப்பால் செல்கிறது. யுகிகோ கருவுற்றிருந்தாள் என்பதை ஷிரோ நரகத்திலேயே அறிகிறான். பிறவாத அந்த மகள் குருதி ஆற்றில் இலைமேல் மிதந்து செல்கிறாள். பின்னர் சுழலும் பெருஞ்சக்கரத்தில் அவள் கிடக்க, தந்தை அதன்மீது ஏறிக் கை நீட்டுகிறான். கை எட்டுவதில்லை. குழந்தை செய்த குற்றம் யாது? படம் விடை கூறவில்லை. காரை நிறுத்தச் செய்யாதவனுக்கு இப்போது சக்கரத்தை நிறுத்தும் வலிமையும் இல்லை. தன்னைக் காக்க முயலாமல் மகளுக்காகக் கை நீட்டும் அந்த ஒரு செயலில்தான் அவன் மனிதனாகிறான்.

ஷின்டோஹோ 1961-இல் நொடித்துப்போனது. படமோ அழியவில்லை, 1979-இலும் 1999-இலும் வேறு இயக்குநர்கள் அதே பெயரில் புதிய படங்களை எடுத்தனர். அருவருப்பைக் கவிதைக்கு ஆகாத சுவையென ஒதுக்கும் நம் கவிஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். குருதியைக் கண்டதும் எழுந்து போனவர் அந்தக் குழந்தையைக் கண்டிருக்க மாட்டார்.