சிம்மாசன உரையும் எழுபதாம் உறுப்புரையும்: இலங்கையில் பாராளுமன்றக் கலைப்பதிகாரம், 1946–2018

இலங்கையின் 1978 அரசியலமைப்பைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு கருத்து ஏறத்தாழ முடிந்த முடிபாகிவிட்டது. முடியின் கீழ் இயங்கிய பாராளுமன்ற ஆட்சி 1972இல் பெயரளவில் குடியரசாயிற்று என்றும், 1978இல் பிரான்சின் ஐந்தாம் குடியரசைப் பார்த்து அடியோடு வேறொரு முறைக்கு மாறிற்று என்றும் அது சொல்லும். முடியாட்சி ஒரு கரை, சனாதிபதி ஆட்சி மறுகரை என வைத்து, அதிகாரங்களின் பட்டியலை நீட்டி ஒப்பிடும் வழக்கம் இதிலிருந்தே வந்தது. பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தை மட்டுமேனும் எடுத்துக்கொண்டால் இந்தப் படம் பொருந்தவில்லை. அவ்விடத்தில் 1978இன் சனாதிபதி மகாதேசாதிபதியின் வாரிசே. அந்த ஐந்தாம் குடியரசை நிறுவிய டி கோலோடு அவருக்குள்ள உறவு, சொல்லப்படும் அளவுக்கு நெருக்கமானதன்று.

இதற்கு ஆதாரமாக நான் கொள்வது, உரையாசிரியர்கள் அதிகம் நின்று பார்க்காத ஒரு சிறு பந்தி. 1978 மூலவாசகத்தின் 70(1)ஆம் உறுப்புரை பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் சனாதிபதிக்கு அதிகாரமளிக்கிறது. அதன் காப்புவாசகத்தில் முதல் வரம்பு பலரும் அறிந்தது: சனாதிபதி கலைத்ததன் பேரில் பொதுத்தேர்தல் நடந்திருந்தால், பாராளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி, ஓராண்டுக்குள் மீண்டும் கலைக்கலாகாது. அடுத்ததாக வரும் (ஆ) பந்தி, பொதுத்தேர்தலுக்குப் பிந்திய முதற் கூட்டத்தொடரின் தொடக்கத்தில் அரசாங்கக் கொள்கைக் கூற்று நிராகரிக்கப்பட்டதற்காகப் பாராளுமன்றத்தைக் கலைக்கலாகாது என்கிறது.

முதல் வரம்பு இருக்க இரண்டாவது எதற்கு? ஒரு பாராளுமன்றம் தன் ஆயுள் முழுவதும் இருந்து தானே முடிவுற்று, அதன்பின் தேர்தல் நடந்தால் (அ) பந்தி செல்லாது. அந்த இடைவெளியை (ஆ) அடைக்கிறது என்று பதில் சொல்லலாம். சட்டமுறைப்படி அது சரியே. ஆனால் அந்த இடைவெளியை அடைப்பதுதான் நோக்கமென்றால் (அ) பந்தியை எல்லாப் பொதுத்தேர்தல்களுக்கும் விரித்திருந்தாலே போதும். கொள்கைக் கூற்று, முதற் கூட்டத்தொடர், நிராகரிப்பு என்று இத்தனை குறிப்பாக ஒரு சூழலை வரைந்து தடைசெய்திருப்பது, நடந்து முடிந்த ஒன்றை மனத்தில் வைத்து எழுதிய கையையே காட்டுகிறது. அந்த நிகழ்ச்சி இலங்கையில் ஒருமுறை நடந்திருந்தது.

1960 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 50 இடங்களையும் சுதந்திரக் கட்சி 46 இடங்களையும் தமிழரசுக் கட்சி 15 இடங்களையும் பெற்றன. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பெரிய கட்சியின் தலைவர் என்ற வகையில் டட்லி சேனநாயக்க பிரதமரானார். ஏப்பிரலில் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் தோற்றார். தோற்றவர் கலைக்குமாறு ஆலோசனை கூறினார். சி. பி. டி சில்வா தலைமையில் சுதந்திரக் கட்சி தமிழரசுக் கட்சியின் ஆதரவோடு அரசமைக்க வழியிருக்கிறது என்பது எதிரணியின் வாதம். மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க அந்த வழியைப் பார்க்காமல், தோற்ற பிரதமரின் ஆலோசனையை ஏற்றுக் கலைத்தார். வடக்கு கிழக்குத் தமிழரின் பிரதிநிதிகள் ஓர் அரசை ஆக்கவல்ல நிலையில் நின்ற அரிய தருணம் அவ்வாறு போயிற்று. தனிப்பட எனக்கு அது தவறான முடிவாகவே படுகிறது. (ஆ) பந்தி அந்த ஏப்பிரலுக்கு 18 ஆண்டு கழித்து எழுதப்பட்ட மறுப்பு என்பது என் வாசிப்பு. இது உய்த்துணர்வே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் இதுவரை முன்வைக்கப்படவில்லை.

பிரெஞ்சு மூலத்தைத் தேடுவோர் ஐந்தாம் குடியரசின் 12ஆம் உறுப்புரையைச் சுட்டுவர். ஓராண்டுத் தடை அங்கும் உண்டுதான். ஆனால் அங்கே கலைப்பதற்கு முன் பிரதமரையும் இரு சபைத் தலைவர்களையும் சனாதிபதி கலந்தாக வேண்டும். இலங்கை வாசகத்தில் அப்படி எவரையும் கலக்கும் கடமை இல்லை. கடன் வாங்கியவர்கள் கடனின் மிக முக்கியமான நிபந்தனையை விட்டுவிட்டு வாங்கினார்கள் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இனி அந்தக் கொள்கைக் கூற்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சிம்மாசன உரையை மகாதேசாதிபதி வாசித்தார்; எழுதியது அமைச்சரவை. குரல் முடியுடையது, சொற்கள் பிரதமருடையவை. அவை நிராகரித்தால் சொற்களுக்கு உடையவர் வீழ்ந்தார், குரலுக்கு உடையவர் இருந்தார். 1978இல் 33ஆம் உறுப்புரை அந்தக் கூற்றை நிகழ்த்தும் பணியைச் சனாதிபதியிடம் தந்தது. வைபவரீதியான அமர்வுகளுக்குத் தலைமை தாங்குவதும், குடியரசின் பகிரங்க இலச்சினையை வைத்திருப்பதும் அதே உறுப்புரையில்தான் வருகின்றன. இப்போது குரலும் சொல்லும் ஒருவருடையவை. ஆனால் மூலவாசகத்தின் 49(2)இன்படி, கூற்று நிராகரிக்கப்பட்டால் கலைவது அமைச்சரவை. கூற்றை நிகழ்த்தியவர் தம் பதவியில் இருப்பார். மன்னரின் அசையாமையும் பிரதமரின் அதிகாரமும் ஒரே ஆளிடம் சேர்ந்த இடம் இது. அமெரிக்க முறையில் இப்படியொரு வாக்கெடுப்புக்கே இடமில்லை.

முடியாட்சிக் காலத்தில் இவ்விரண்டையும் பிரித்து வைத்த விதி எது என்பதில்தான் உண்மையான கருத்துவேறுபாடு இருக்கிறது. சோல்பரி அரசியலமைப்பு எனப்படும் 1946 அரசியலமைப்புக் கட்டளையின் 4(2)ஆம் பிரிவு, மகாதேசாதிபதியின் அதிகாரங்கள் இயன்றவரை ஐக்கிய இராச்சியத்தின் அரசியலமைப்பு வழக்காறுகளுக்கு இணங்கவே செலுத்தப்பட வேண்டும் என்றது. உடனே தொடரும் காப்புவாசகம், அப்படி இணங்கவில்லை என்ற காரணத்தால் அவரது செயலை நீதிமன்றத்திலோ வேறு வகையிலோ கேள்விக்குட்படுத்த முடியாது என்றது. முன்பாதி கொடுத்ததைப் பின்பாதி பறித்துவிட்டது. ஆகவே சோல்பரி அரசியலமைப்பின் கீழும் கட்டுப்பாடு வெறும் நல்லெண்ணமே. 1978 புதிதாக எதையும் இழக்கவில்லை என்பது ஒரு சாராரின் வாசிப்பு.

இவ்வாசிப்பு காப்புவாசகத்தின் எல்லையைக் கவனிக்கவில்லை. அது காப்பது மகாதேசாதிபதியின் செயலை. அதுவும் ஒரேயொரு காரணத்துக்கு எதிராக மட்டும். ஆலோசனை சொன்ன பிரதமரை அது காக்கவில்லை. அவர் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மையை நம்பி இருப்பவர், அங்கே வினவப்படுபவர், கலைத்தால் தம் இருக்கையையும் சேர்த்துப் பணயம் வைப்பவர். 1960 ஜூலையில் நடந்தது அதுதான்: சுதந்திரக் கட்சிக்கு 75 இடங்கள், கலைக்கச் சொன்னவரின் கட்சிக்கு 30. நீதிமன்றத்தால் தீண்ட முடியாத ஓர் ஆலோசனைக்கு, அதைச் சொன்னவரே மூன்று மாதத்தில் விலை கொடுத்தார்.

1972 அரசியலமைப்பின் 27(1)ஆம் பிரிவு, சனாதிபதி பிரதமரின் ஆலோசனைப்படியே செயற்பட வேண்டும் என்று நேர்ச்சொல்லில் எழுதி இப்பிரிவினையைக் காத்தது. ஆறாண்டில் அது போயிற்று. 4(2)இன் காப்புவாசகம் ஆற்றிய பணி மட்டும், 35ஆம் உறுப்புரையின் விடுபாட்டுரிமையில் பன்மடங்கு விரிந்து தொடர்ந்தது.

விளைவை 2004 பெப்ரவரியில் காணலாம். சந்திரிகா குமாரதுங்க, ரணில் விக்கிரமசிங்கவின் பெரும்பான்மை அரசுக்கு எதிராகப் பாராளுமன்றத்தைக் கலைத்தார். கலைக்குமாறு பிரதமர் ஆலோசனை கூறவில்லை. தேர்தலில் சனாதிபதியின் பதவி பணயத்திலும் இல்லை. ஒலிவர் குணதிலக்க தாமாக இப்படிச் செய்திருப்பாராயின் அது அரசியலமைப்புக் கலகமாகவே கருதப்பட்டிருக்கும்.

சனாதிபதி மக்களால் நேரடியாகத் தெரிவானவர், மன்னரோடு அவரை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். தெரிவான முறை ஆணையின் மூலத்தைச் சொல்கிறது. ஒரு செயலுக்கு எங்கே பதில் சொல்வது என்பதைச் சொல்வதில்லை. முடியாட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பதும் பொருந்தாது. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கும் 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்துக்கும் முடியின் பெயரிலேயே சம்மதம் வழங்கப்பட்டது. 1958 அவசரகாலத்தில் மகாதேசாதிபதி எல்லை கடந்து முன்னே நின்றார் என்ற குற்றச்சாட்டும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

கனமான மறுப்பு 2018இன் தீர்ப்பிலிருந்து வரக்கூடும். பத்தொன்பதாம் திருத்தம் கலைப்புக்கு நாலரை ஆண்டு வரம்பிட்டிருந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மைத் தீர்மானமே அதற்கு விலக்கு. மைத்திரிபால சிறிசேன நவம்பர் 9ஆம் திகதி கலைத்தபோது, 33(2)(இ) தனித்து நிற்கும் அதிகாரம் என்று சட்டமா அதிபர் வாதிட்டார். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்து அதை மறுத்தனர். சனாதிபதியிடம் முடிக்குரிய தனியதிகாரம் போன்ற எதுவும் இல்லை என்றும் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. என் வாதத்தை இது முறிப்பதாகத் தோன்றலாம். ஆனால் நீதிமன்றம் சொன்னது, அந்த அதிகாரத்தை இனி எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதை; அது எங்கிருந்து வந்தது என்பதை அன்று. குடியரசாகி 46 ஆண்டு கடந்த பின்னும் முடியின் தனியதிகாரம் என்ற பேச்சை ஓர் உச்ச நீதிபீடம் பெயர் சொல்லி மறுக்க வேண்டியிருந்ததே நான் சுட்டும் மரபுத் தொடர்ச்சிக்குச் சான்று. அவ்வழக்கு நீதிமன்றப் படியேற முடிந்ததும், அதே திருத்தம் 35ஆம் உறுப்புரையைத் தளர்த்தி, சனாதிபதியின் உத்தியோகச் செயல்களை அடிப்படை உரிமை மனுவின் மூலம் வினவ வழிவிட்டதனால்தான்.

2020இல் இருபதாம் திருத்தம் நாலரை ஆண்டை இரண்டரையாகக் குறைத்தது; 2022இன் இருபத்தோராம் திருத்தம் அதை அப்படியே விட்டுவைத்தது. எத்தனை ஆண்டு என்ற பேரத்தில் அரசியலாளரும் ஆய்வாளரும் ஒருசேர மூழ்கியிருக்க, அந்த இரண்டரை ஆண்டு கழிந்த மறுநாள் சனாதிபதி யாருடைய ஆலோசனையின் பேரில் கலைக்க வேண்டும் என்பதற்கு அரசியலமைப்பில் இன்னும் ஒரு வரியும் இல்லை.