மொசாம்பிக் ஈன்ற யுசேபியோ

மன்னார்த் தீவின் வாயிலிலே நிற்கும் கோட்டைக்கு 1560 ஆம் ஆண்டில் அடித்தளம் இட்டவர்கள் போர்த்துக்கேயர். 1658 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிப் பின்னர் தம் முறைப்படி திருத்திக் கட்டினர். ஒரு நூற்றாண்டும் நிறைவெய்தாத அந்தப் போர்த்துக்கேய ஆட்சி நம்மை விட்டகன்று முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் மேசை, அலுமாரி, சாவி, பாண், சப்பாத்து என அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இன்றும் நம் வீடுகளிலே வழங்குகின்றன. இவற்றுள் சப்பாத்து என்னும் சொல்லை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

அக்காலத்தில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்து, மொசாம்பிக் கரையிலே தங்கி நீரும் உணவும் ஏற்றிக்கொண்டு, பருவக் காற்றின் துணையோடு கோவாவை அடைந்தன. கோவாவில் வீற்றிருந்த அரசப் பிரதிநிதியின் ஆணைக்குக் கீழ்ப்பட்டே மன்னாரும் ஆளப்பட்டது. ஆகவே மன்னாரும் மொசாம்பிக்கும் ஒரே கடல்வழியில் அமைந்த இரு துறைகள் எனலாம். மன்னார் 1658 இல் அவர்கள் கையை விட்டு நீங்கியது. மொசாம்பிக் மக்களோ தம் விடுதலைக்கு 1975 ஜூன் 25 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நெடிய ஆட்சியின் இறுதிக் காலத்தில், ஆளப்பட்ட மண்ணிற் பிறந்து, ஆண்ட நாட்டின் பெயரை உலகறியச் செய்தவர் உதைபந்தாட்ட வீரர் யுசேபியோ. அவருடைய கதை வெறும் விளையாட்டுக் கதையன்று. ஒரு பேரரசு தன் குடிகளிடமிருந்து எதை எடுத்தது, எதைக் கொடுத்தது என்பதையும் அது காட்டுகின்றது.

யுசேபியோ 1942 ஜனவரி 25 இல், இன்று மாப்புட்டோ என வழங்கும் லொரன்சோ மார்க்கெஸ் நகரிற் பிறந்தார். தந்தை அங்கோலாவிலிருந்து வந்த வெள்ளையர். புகையிரதத் துறையில் வேலை செய்தவர். தாய் மொசாம்பிக்கைச் சேர்ந்த ஆபிரிக்கப் பெண். சிறுவனுக்கு எட்டு வயதானபோது தந்தை ஏற்புவலி நோயால் இறந்தார். குடும்பப் பாரம் தாயின் தோளில் விழுந்தது. மபலாலா என்னும் ஏழைக் குடியிருப்பில், பழைய காலுறைக்குள் செய்தித்தாளைத் திணித்துச் செய்த பந்தை வெறுங்காலால் உதைத்தே அவர் ஆட்டம் பழகினார். சப்பாத்து என்னும் சொல்லைக் கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் கொண்டு சென்ற பேரரசின் ஆட்சியிலே, அச்சிறுவனின் காலுக்குச் சப்பாத்து இருக்கவில்லை. அந்நாட்டு ஆபிரிக்க மக்களுட் பெரும்பாலோர் 1961 வரை சட்டத்தின் முன் 'சுதேசிகள்' என்றே கணிக்கப்பட்டனர். குடியுரிமை பெற்றவர் மிகச் சிலரே.

1960 டிசம்பரில் லிஸ்பனின் பென்பிக்காக் கழகம் அவரைப் போர்த்துக்கல்லுக்கு அழைத்தது. அவர் ஆடிவந்ததோ அதன் போட்டிக் கழகமாகிய ஸ்போர்ட்டிங்கின் கிளையில். இரு கழகங்களுக்குமிடையே எழுந்த வழக்கினால் அவர் பல மாதங்கள் ஆட முடியாதிருந்தார். 1961 மே 23 இல், பென்பிக்காவுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்களைப் போட்டார். அடுத்த ஆண்டு அம்ஸ்டர்டாமில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், ஸ்பானியாவின் ரியல் மட்ரிட் அணிக்காகப் புஸ்காஸ் மூன்று கோல்களைப் போட்டிருந்தார். மூன்றுக்கு மூன்று என நின்ற அவ்வாட்டத்தில், இருபதே வயதான யுசேபியோ அடுத்தடுத்து இரு கோல்களைப் போட்டுக் கிண்ணத்தைப் பென்பிக்காவுக்கு வென்று கொடுத்தார். 1965 இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்குரிய தங்கப் பந்து அவருக்குக் கிடைத்தது.

இவ்வெற்றிகளோடு அக்கால அரசியலையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1961 ஒக்டோபரில் யுசேபியோ முதன்முதலாகப் போர்த்துக்கல் நாட்டு அணியில் ஆடினார். அதே ஆண்டு டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்தது. அங்கோலாவிலே போர் மூண்டதும் அவ்வாண்டிலேதான். 1964 இல் மொசாம்பிக் மக்களும் ஆயுதம் ஏந்தினர். குடியேற்ற நாடுகளெல்லாம் தாய்நாட்டின் பிரிக்கவொண்ணாத பகுதிகளே என்று சலசாரின் அரசு உலகுக்கு உரைத்துவந்த அந்த வேளையில், அவ்வுரைக்கு உயிருள்ள சான்றாக மொசாம்பிக் மைந்தர் ஒருவர் அதன் கையிற் கிடைத்தார்.

1966 இல் இங்கிலாந்தில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. ஆபிரிக்கக் கண்டத்துக்கென ஓர் இடமேனும் உறுதி செய்யப்படாமையால் ஆபிரிக்க நாடுகள் அப்போட்டியைப் புறக்கணித்தன. பதினாறு அணிகளுள் ஆபிரிக்க அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் அப்போட்டியில் அதிக கோல்களைப் போட்டவர் ஆபிரிக்க மண்ணிற் பிறந்த யுசேபியோவே. அவர் போட்டவை ஒன்பது கோல்கள். அணித் தலைவர் கொலுனா, இலாரியோ, விசென்ற்றே ஆகியோரும் மொசாம்பிக்கிற் பிறந்தவர்களே.

அப்போட்டியில் ஜூலை 23 ஆம் நாள் ஆட்டம் மறக்க முடியாதது. லிவர்ப்பூல் நகரில் வடகொரியா முதல் இருபத்தைந்து நிமிடங்களுக்குள் மூன்று கோல்களைப் போட்டுவிட்டது. யுசேபியோ கலங்கவில்லை. முதற் கோலைப் போட்டதும் மகிழ்ந்து நிற்காமல், வலைக்குள் கிடந்த பந்தைத் தாமே எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினார். தொடர்ந்து மேலும் மூன்று கோல்கள்! ஐந்துக்கு மூன்று என்று போர்த்துக்கல் வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றபோது அவர் கண்ணீரோடு மைதானத்தை விட்டு நீங்கினார். முடிவில் போர்த்துக்கல்லுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது.

வீரரின் பெருமை வெற்றியால் மட்டும் அறியப்படுவதன்று. 1968 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் ஒன்றுக்கு ஒன்று என நின்ற கடைசி நிமிடங்களில், யுசேபியோ வலிமையோடு அடித்த பந்தை மன்செஸ்டர் அணியின் கோல்காப்பாளர் ஸ்டெப்னி மார்போடு பிடித்துவிட்டார். கிண்ணமே கைநழுவிய அந்தக் கணத்தில், யுசேபியோ நின்று எதிராளிக்குக் கைதட்டினார். நம் மாணவர்களுக்கு நூறு முறை எடுத்துச் சொல்லத்தக்க நிகழ்ச்சி இது.

பென்பிக்காவோடு பதினொரு முறை நாட்டின் கழகப் பட்டத்தையும், நாட்டுக்காக 64 ஆட்டங்களில் 41 கோல்களையும் ஈட்டிய அவர், 1975 இல் அக்கழகத்தை விட்டு நீங்கினார். இடது முழங்காலிற் பலமுறை சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தது. அந்தக் காலோடேயே அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் கனடாவிலும் ஆடிய அவர், 1970களின் முடிவோடு ஆட்டத்தினின்றும் ஓய்ந்தார்.

மொசாம்பிக் விடுதலை பெற்றபின் கொலுனா பிறந்த நாட்டுக்குத் திரும்பி, அங்கே உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராகப் பணியாற்றினார். யுசேபியோ லிஸ்பனிலேயே வாழ்ந்தார். இருவருள் எவர் வழி சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவது நமக்குத் தகாது. வளர்த்த ஊரையும் பெற்ற ஊரையும் துலாக்கோலில் வைக்கும் துன்பம் அதனை அனுபவித்தவர்களுக்கே தெரியும். 2014 ஜனவரி 5 இல் யுசேபியோ மறைந்தார். அடுத்த மாதமே கொலுனாவும் மறைந்தார். போர்த்துக்கல் மூன்று நாள் துக்கம் கொண்டாடி, 2015 இல் யுசேபியோவின் உடலைத் தேசியப் பெரியோர் துயிலும் மண்டபத்தில் வைத்தது. அங்கே இடம்பெற்ற முதல் உதைபந்தாட்ட வீரர் அவரே.

மன்னார்ப் பள்ளிமுனையிலே பருத்த பெருக்கமரம் ஒன்று நிற்கின்றது. அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த இனம் அது என்பர். பல நூற்றாண்டுகளாக நம் மண்ணின் நீரை உண்டு வளர்ந்தமையால் அது நம் மரமே. ஆயினும் அதன் பிறப்பிடம் ஆபிரிக்கா என்பதை நாம் மறைப்பதில்லை. மறைத்தால் மரத்தின் பெருமை குறையுமேயன்றிக் கூடாது. யுசேபியோவைப் போர்த்துக்கல் தன் மைந்தர் எனப் போற்றுவது முறையே. ஆனால் அப்புகழின் வேர் மபலாலாவின் புழுதியிலும், கணவனை இழந்தும் பிள்ளைகளை வளர்த்தெடுத்த ஒரு தாயின் உழைப்பிலும் உள்ளது. பேரரசுகளின் வரலாற்றைப் படிக்கும் நம் இளைஞர், கோட்டை கட்டியவர்களின் பெயர்களோடு இத்தகையோரின் பெயர்களையும் அறிந்துகொள்வார்களாக.