ஓடாத புரோகிராம் பிறந்த கதை

2001 ஜனவரியில் லினக்ஸ் கெர்னலின் 2.4 வரிசை வெளிவந்தபோது, ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் திரெட்களின் குடும்ப வழக்கம் மாறத் தொடங்கியது. அதுவரை, ஸேவியர் லெராய் எழுதிய லினக்ஸ்திரெட்ஸ் லைப்ரரியில் ஒவ்வொரு திரெட்டும் தனிக்குடித்தனம்தான். ‘கெட்பிஐடி’ என்று கேட்டால் தன் சொந்த எண்ணைச் சொல்லிவிடும். 2.4-ல் திரெட்களை ஒரே குழுவாகக் கட்டும் வசதி வந்தது. குழுவுக்குள் எந்தத் திரெட் கேட்டாலும் ஒரே பொது எண்தான் பதிலாகக் கிடைத்தது. தன் எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு திரெட் இனி யாரிடம் போகும்?

அதற்காகவே ‘கெட்டிஐடி’ என்ற சிஸ்டம் கால், அந்த அக்டோபரில் 2.4.11 பதிப்பில் சேர்ந்தது. பிறந்த நேரம் சரியில்லை. அந்தப் பதிப்பில் சிம்லிங்க் கையாளும் இடத்தில் மோசமான பிழை ஒன்று இருந்தது. அவசர அவசரமாக 2.4.12 வந்தது, முந்தையதன் கோப்புப் பெயரிலேயே ‘பயன்படுத்தாதே’ என்று ஒட்டிவிட்டார்கள். கெட்டிஐடி தப்பிப் பிழைத்தது. ஆனால் அதைக் கூப்பிடத்தான் நேர்வழி இல்லை.

சி மொழியில் எழுதுபவர்கள் பொதுவாகக் கெர்னலோடு நேரில் பேசுவதில்லை. நடுவில் ஜிலிப்சி என்ற லைப்ரரி நிற்கும். அன்று அதில் கெட்டிஐடிக்கு ஃபங்ஷனே கிடையாது. ஒரு திரெட்டுக்கு ஒரு கெர்னல் திரெட் என்ற ஏற்பாடு நாளை மாறினால், இன்று கொடுத்த வாக்கு கழுத்தைப் பிடிக்குமே என்ற தயக்கம் அங்கே இருந்தது. அசட்டு வாதம் அல்ல. ஆனால் கெர்னலைச் சோதிப்பவர்களுக்கு அந்த எண் அன்றைக்கே தேவைப்பட்டது. கெர்னல் ஹெடரில் கிடந்த ஒரு மேக்ரோவை வைத்து ஒற்றை வரியில் சமாளித்தார்கள். 2.6.18 வாக்கில் அந்த மேக்ரோவும் பயனர் ஹெடர்களிலிருந்து காணாமல் போனது.

மிஞ்சியது சிஸ்டம் கால் எண்ணைச் சொல்லி அழைக்கும் ‘சிஸ்கால்’ வழி. அந்த எண்ணும் ஊருக்கு ஒன்று: 32 பிட் இன்டெலில் 224, 64 பிட்டில் 186, 64 பிட் ஆர்மில் 178. ஆகவே பல திட்டங்கள் தங்களுக்கென்று சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதி உள்ளே வைத்துக்கொண்டன. பெயர்? வேறென்ன, கெட்டிஐடிதான். கண்ணி அந்தப் பெயரில்தான் இருந்தது.

ஜிலிப்சியிலேயே இந்த ஃபங்ஷன் வேண்டும் என்று 2008-ல் பதிவான 6399-ஆம் கோரிக்கை பதினோரு ஆண்டுகள் காத்துக் கிடந்தது. 2019 பிப்ரவரியில் ஃப்ளோரியன் வைமர் அதை நிறைவேற்றினார். ஆகஸ்டில் வரவிருந்த 2.30 பதிப்பில் கெட்டிஐடி இடம்பிடித்தது. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் முன்னோட்ட ஜிலிப்சியோடு ஓடிய, ஃபெடோரா லினக்ஸின் வளர்ச்சிப் பதிப்பான ராஹைடில் பில்டுகள் விழத் தொடங்கின. ஒரே பெயரில் லைப்ரரியிலும் ஒன்று, உள்ளேயும் ஒன்று. கம்பைலர் ஏற்க மறுத்தது. முதலில் க்யூஎம்யூ எமுலேட்டர், பிறகு கெர்னல் மரத்திலேயே வளரும், செயல்திறன் அளக்கும் கருவியான பெர்ஃப். இத்தனை காலம் ஃபங்ஷன் இல்லாமல் தவித்தவர்களை, அது வந்து தவிக்கவைத்தது.

க்யூஎம்யூ தன்னுடையதற்கு ‘சிஸ்_கெட்டிஐடி’ என்று பெயர் மாற்றி நகர்ந்தது. பெர்ஃபிலும் அப்படிச் செய்திருக்கலாம். அங்கே வேறு வழி பிடித்தார்கள். சொந்த ஃபங்ஷனைத் தூக்கிவிட்டால் பழைய ஜிலிப்சி உள்ள கணினிகளில் பில்ட் விழும். பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதும் நம்பத்தக்கதல்ல. புது ஃபங்ஷனைப் பழைய பதிப்பில் ஒட்டித் தருபவர்கள் உண்டு. ஜிலிப்சி அல்லாத லைப்ரரிகளும் உண்டு. அப்படியானால் லைப்ரரியிடமே கேட்டுவிட்டால் என்ன?

ஜூனில் பெர்ஃப் பராமரிப்பாளர் அர்னால்டோ கர்வால்யோ டி மெலோ ‘டெஸ்ட்-கெட்டிஐடி.சி’ என்ற கோப்பைச் சேர்த்தார். மேலே ஒரு டிஃபைன், ஒரு இன்க்லூட். ‘மெயின்’ உள்ளே கெட்டிஐடியின் விடையைத் திருப்பித் தரும் ஒரே வரி. இதை யாரும் ஓட்டுவதில்லை. கம்பைல் ஆகி இணைகிறதா என்று மட்டும் மேக்ஃபைல் பார்க்கும். கம்பைல் ஆகிவிட்டால், ‘ஹேவ்_கெட்டிஐடி’ என்ற அடையாளம் எழுந்து சொந்த ஃபங்ஷன் ஒதுங்கிக்கொள்ளும். ஆகாவிட்டால் அந்தப் பிழைச்செய்தி திரைக்கே வராது; பழைய ஃபங்ஷன் வழக்கம்போல வேலை பார்க்கும். கெர்னல் மூலக்கோப்புகளில் ‘டூல்ஸ்/பில்ட்/ஃபீச்சர்’ அடைவில், இதே மாதிரி ஓடாத புரோகிராம்கள் வரிசையாக இருக்கும் இடத்தில், அதற்கும் ஓர் இடம் கிடைத்தது.