நிலமும் மதுவும்: கெடாத் தோட்டங்களின் கள்ளுக்கடை எதிர்ப்பு

ஒரு மதுவின் இயல்பை அது விளையும் நிலமும் தட்பவெப்பமும் வகுக்கின்றன. அவ்வியல்பு, அதனை அருந்தும் மக்களின் வரலாற்றிலும் தடம் பதிப்பதுண்டு. இதனைக் கெடா மாநிலத் தோட்டத் தமிழரின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஒப்பீட்டிற்காகக் குளிர்நிலச் செம்மதுவை முதலில் நோக்குவோம். பிரான்சின் பர்கண்டி, நியூசிலாந்தின் ஒத்தாகோ முதலிய குளிர்ந்த பகுதிகளில் பினோ நுவார் என்னும் கருந்திராட்சை மெல்லப் பழுக்கிறது. சர்க்கரை மெதுவாகச் சேர்வதால் பழத்தின் புளிப்புக் குன்றுவதில்லை. எனவே அதன் மது வெளிர்ந்த செந்நிறமும் தெளிந்த புளிப்பும் நுண்ணிய மணமும் கொண்டு விளங்குகிறது. அப்புளிப்பும், ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காடு வரையிலான சாராயச் சத்தும் அதனை நெடுநாள் காக்கின்றன. நல்ல மது பல்லாண்டுகள் கிடங்கில் இருந்து, கடல் கடந்தும் விலைபோகும்.

தென்னங்கள்ளோ இதற்கு நேர்மாறானது. பாளையிலிருந்து வடியும் இனிய சாறு, வெப்பமண்டலச் சூழலில் இயற்கை நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் காடியாக மாறிவிடுகிறது. ஆகவே கள்ளை இறக்கிய உடனே, அருகிலேயே விற்றாக வேண்டும்.

தோட்டக் கள்ளுக்கடையின் அமைவிடத்தை இவ்வியல்பே பெரிதும் முடிவுசெய்தது எனலாம். விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தொழிலாளி வேலை முடித்துத் திரும்பும் வழியிலேயே கடை இருந்தது. குடியேற்ற அரசு அதனால் வருவாய் பெற்றது; தொழிலாளியின் கூலியோ குடும்பத்தைச் சேருமுன் கரைந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் இந்நிலைக்கு எதிர்ப்பு எழுந்தது. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. ஒழுக்கம், தன்மதிப்பு, மதுவிலக்கு ஆகியவற்றை வலியுறுத்திய அவ்வியக்கம் கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் காவல்துறையினருடன் ஏற்பட்ட மோதலில் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். மதுவிலக்கு முயற்சி விரைவிலேயே தொழிலாளர் உரிமைப் போராட்டத்தோடு இணைந்தது. கடை கண்முன் இருந்தமையால் எதிர்ப்புக்கும் ஒரு களம் கிடைத்தது என்பதை நாம் இங்குக் கருதவேண்டும்.

பிற்காலத்தில் தோட்டங்களில் கள்ளின் இடத்தைச் சம்சு எனப்படும் மலிவுச் சாராயம் பெரிதும் பற்றிக்கொண்டது. காய்ச்சி வடிக்கப்படுவதால் அது எளிதில் கெடுவதில்லை. சிறு குப்பிகளில் அடைத்து எங்கும் கொண்டுசெல்லலாம். மளிகைக் கடையிலும் மறைத்து விற்கலாம். கள்ளுக்கடை வாயிலில் நின்று மறிக்க முடிந்த தொண்டர்களுக்கு ஒப்பானவர்கள், வாயிலே இல்லாத வணிகத்தை எங்கே நின்று மறிப்பது? தோட்டத் தமிழரின் மதுவிலக்கு வரலாற்றை எழுதுவோர், தலைவர்களையும் சட்டங்களையும் ஆராய்வதோடு, குடிக்கப்பட்ட பொருளின் இயல்பையும் ஆராய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.