பிடிச்ச பணம் யாருக்கு?

விருதுநகர் மாவட்டத்தோட முதன்மை கோர்ட் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர்ல. ராஜபாளையத்துல ஒரு மோசடி கேஸ்ல கார் சிக்குதுன்னு வைங்க. அதை வித்து ஸ்டேஷனுக்கு ஜீப் வாங்கினா என்ன?

1984-ல அமெரிக்கா இதுக்கு சட்டமே போட்டது. பறிமுதல்ல 80 சதவீதம் வரை லோக்கல் போலீசுக்கு. விளைவு? குற்றம் நிரூபணம் ஆகாமலே ரோட்டுல பணத்தைப் பிடுங்குற பழக்கம்.

இந்தியா 1989-ல போதைப்பொருள் சட்டத்துல சொத்து பறிமுதலைச் சேர்த்தப்போ, அது மத்திய அரசுக்குன்னு எழுதிச்சு. 2024 ஜூலை 1-ல அமலான பிஎன்எஸ்எஸ் 107-வது பிரிவுப்படி, கோர்ட் உத்தரவு வந்ததும் 60 நாளுக்குள்ள கலெக்டர் முதல்ல ஏமாந்தவங்களுக்குப் பிரிச்சுத் தரணும்; மிச்சம்தான் அரசுக்கு.

ஜீப் வேணும்தான், அது பட்ஜெட்ல வரட்டும். பிடிக்கிறவருக்கே பங்குன்னா, அடுத்து யாரைப் பிடிப்பாரு?