முழங்காலும் நடையும்

முழங்கால் மாற்றுச் சிகிச்சை என்றவுடன் நம்மில் பலருக்கும் உலோகமே நினைவுக்கு வருகிறது. தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி, அவற்றின்மேல் உலோகக் கவசம் இட்டு, இடையே ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துவிட்டால் மனிதன் நடந்துவிடுவான் என்பது பொதுவான எண்ணம். ஆனால், அச்சிகிச்சைக்கு உட்பட்டவன் என்ற முறையில் அதன் வரலாற்றை நான் தேடிப் படித்தபோது, அங்கே ஒன்றல்ல, இரண்டு வரலாறுகள் இருப்பதைக் கண்டேன். ஒன்று மூட்டின் வரலாறு. மற்றொன்று நடையின் வரலாறு. முன்னதைப் பற்றி நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பின்னதோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது. நேயர்களுக்கு முன்னதைச் சுருக்கமாகவும் பின்னதைச் சற்று விரிவாகவும் சொல்ல விரும்புகிறேன்.

1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்னும் அறுவை மருத்துவர், காசநோயால் அழிந்த முழங்கால் ஒன்றில் யானைத் தந்தத்தால் கடைந்த கீல்மூட்டைப் பொருத்தினார். அது எலும்போடு ஒட்டி நிற்பதற்காகப் பிசினும் நுரைக்கல் தூளும் சேர்ந்த கலவையைக் கையாண்டார். சதுரங்கக் காய்களும் பியானோ கட்டைகளும் செய்த பொருளைக் கொண்டு ஒரு மனிதனை நடக்கவைக்க முயன்ற அவருடைய துணிவை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஆயினும், உள்ளே உறங்கிய காசநோய் மீண்டும் சீழாகக் கிளம்பியது. அத்துடன் அம்முயற்சி நின்றது. அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்வழியில் பெரிய முன்னேற்றம் ஏதும் இல்லை.

1951இல் சுவீடன் நாட்டு வால்டியஸ் என்பவர் அக்ரிலிக் பொருளால் ஒரு கீல்மூட்டைச் செய்தார். பின்னர் அதையே உலோகத்தால் செய்தார். வலி நீங்கியவர் உண்டு; நடந்தவரும் உண்டு. ஆனால், நம் முழங்கால் கதவுக் கீல் அன்று. அது மடங்கும்போதே சற்று உருள்கிறது, சறுக்குகிறது, சிறிது திரும்பவும் செய்கிறது. கீலோ ஒரே திசையில்தான் அசையும். ஆகவே ஒவ்வோர் அடியின் முறுக்கும் எலும்பின்மேலேயே விழ, மூட்டு நாளடைவில் ஆட்டம் கண்டது.

இச்சிக்கலுக்கு வழி இடுப்பிலிருந்து கிடைத்தது. இங்கிலாந்தில் லங்காஷயர் வட்டாரத்து ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டை மாற்றிவந்தார். பல் மருத்துவர் கையாண்ட அக்ரிலிக் சிமெண்டை எலும்புக்குக் கொண்டுவந்தவர் அவர். 1962 முதல் தேய்மானம் குறைந்த பாலிஎத்திலீனையும் கையாண்டார். அவரிடம் பயில வந்த கனடா நாட்டவரான பிராங்க் கன்ஸ்டன், பொறியியல் கற்றுப் பின்பு மருத்துவரானவர். அவர் 1968இல் கீலை அறவே விட்டுவிட்டு, உலோகம் பாலிஎத்திலீன்மேல் உருளும் முழங்காலை அமைத்தார். 1974இல் நியூயார்க் நகரத்தில் இன்சால், ரணாவத், வாக்கர் ஆகிய மூவரும் சேர்ந்து அமைத்த மூட்டே இன்று உலகெங்கும் பொருத்தப்படுவனவற்றுக்கு முன்னோடி. இவர்களுள் சித்தரஞ்சன் ரணாவத் மத்தியப் பிரதேசத்தில் பிறந்து இந்தூரில் மருத்துவம் பயின்றவர். 2000இலும் 2001இலும் மும்பையில், அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர்களின் இரு முழங்கால்களையும் அடுத்தடுத்து மாற்றியவர் அவரே. அச்செய்தியைப் பத்திரிகைகளில் படித்த பின்னரே நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இப்படியும் ஒரு சிகிச்சை உண்டு என்று அறிந்தனர்.

நிற்க. மூட்டு பொருத்தியாயிற்று, நடப்பது எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதுபற்றி இரு கட்சிகள் இருந்தன. லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டுக்கு ஓய்வே மருந்து, அதுவும் இடைவிடாத நெடுநாள் ஓய்வு வேண்டும் என்றார். அவர் பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் வந்தவர். நம் நாட்டு வைத்தியர்களை நினைவூட்டுபவர். பாரிஸ் நகரத்து லூக்கா சம்பியோனியேரோ, முறிந்த உறுப்பையும் விரைவில் அசைக்க வேண்டும், பிடித்துவிட வேண்டும் என்று வாதாடினார். நெடுங்காலம் பெரும்பாலான மருத்துவமனைகளில் தாமஸ் கட்சிதான் வென்றது. நோயாளி என்றால் கட்டிலில் கிடப்பவன் என்று பொருளாயிற்று.

அந்நிலையை அசைத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று இரண்டாம் உலகப் போரின்போது நடந்தது. சிகாகோவில் ஓர் இராணுவ மருத்துவமனையில் முழங்கால் காயமுற்ற வீரர்கள் நிறைந்திருந்தனர். எடை குறைந்த பொருளைப் பலமுறை தூக்கவைப்பதே அன்றைய பயிற்சி முறை. தொடைத்தசை அதனால் எளிதில் தேறவில்லை. அங்கே பணியாற்றிய தாமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர், சிறுவயதில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்பு எடை தூக்கியே உடலைத் தேற்றிக்கொண்டவர். அவர் வீரர்களின் பாதத்தில் இரும்புச் செருப்பைக் கட்டி, அதில் எடையைப் பூட்டி, காலை நீட்டச் சொன்னார். பத்து முறை தூக்க முடியும், பதினோராம் முறை முடியாது என்னும் எடை எதுவோ அதுவே அளவு. அளவு கூடக் கூட எடையும் கூடும். இம்முறையை அவர் 1945இல் எழுதி வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அதைச் சுருக்கி, பத்துப் பத்தாக மூன்று தடவை போதும் என்றார். செயற்கை முழங்கால் பொதுவழக்காவதற்கு முன்பே அதற்கு வேண்டிய பயிற்சி பிறந்துவிட்டது என்பது இவ்வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

ஏனெனில், அறுவைக்குப் பின் முதலில் தோற்பது தொடையின் முன்தசைதான். ஒரு மாதம் கழித்து அளந்தால், அறுவைக்கு முன்பிருந்த வலிமையில் பாதிக்கு மேல் குறைந்திருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தசை மட்டும் நலியவில்லை. வீங்கிய மூட்டிலிருந்து எழும் நரம்புச் செய்திகள், மூளையின் கட்டளை தசைக்கு முழுமையாகச் சேராதபடி தடுக்கின்றன. மறுநாள் காலையில் பயிற்சியாளர் காலை நேராகத் தூக்கச் சொன்னபோது என் கால் கட்டிலைவிட்டு ஒரு விரற்கடைகூட எழவில்லை. வலியினால் அன்று, தூக்கு என்று நான் சொன்னது அங்கே போய்ச் சேரவே இல்லை.

இடையில் ஓர் இயந்திரமும் வந்தது. டொராண்டோ நகரத்து ராபர்ட் சால்ட்டர், முயல்களின் மூட்டை ஓயாமல் அசைத்தால் குருத்தெலும்பு நன்கு ஆறுகிறது என்று 1970களில் கண்டார். அதிலிருந்து, படுத்திருப்பவரின் காலைத் தானே மடக்கி நீட்டும் இயந்திரம் பிறந்து, மருத்துவமனைதோறும் பரவியது. முழங்கால் மாற்றியவர்களிடம் நடந்த சோதனைகளையெல்லாம் பின்னர் திரட்டிப் பார்த்தபோது, அதனால் கூடிய மடக்கம் ஏறக்குறைய இரண்டு பாகைதான் என்று தெரிந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. இயந்திரம் மூட்டை மடக்கலாம். தசைக்கு ஆணையிட அதற்குத் தெரியாது.

பாகைக் கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 67 பாகை மடங்கினால் போதும். படியேற 83, இறங்க 90, நாற்காலியில் உட்கார்ந்து எழ 93 பாகை என்று 1972இல் அளந்து எழுதினர். இவை நாற்காலி நாட்டு அளவுகள். பந்தியில் சம்மணமிட்டு அமர்வதற்கும், அரிவாள்மணைமுன் குந்தி இருப்பதற்கும் இக்கணக்கில் இடமில்லை. நம்மவர் மருத்துவரிடம் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "தரையில் உட்காரலாமா?" என்பது. வேண்டாம் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. நடை திரும்பியது, தரை போயிற்று. இந்த இழப்பைச் சிறிதென்று நான் சொல்ல மாட்டேன்.

1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட், குடல் அறுவையில் தொடங்கிய ஒரு முறை பின்பு முழங்காலுக்கும் வந்தது. வலியை நன்கு அடக்கி, அறுவை நடந்த அன்றே நோயாளியை எழுப்பி நிறுத்துவது அம்முறை. அந்நாட்டில் ஒரு வாரத்துக்கும் மேலாக இருந்த மருத்துவமனை வாசம், மூன்று நான்கு நாட்களாகக் குறைந்தது. படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் நாளங்களில் இரத்தம் உறையும்; அது நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. என்னைக் காண வந்த அக்காளோ, "தம்பி, அசையாமல் படுத்திரு" என்று கண்ணீர் மல்கச் சொன்னார். அன்பு பேசியது, பேசியது தாமஸ் கட்சிதான்.

விரைவில் வீடு திரும்புவது பயிற்சியாளர் வாயிற்படிக்கு வரும் நாட்டில் நல்லது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிராமத்து மூதாட்டி ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அறுவைக்கு நகையை அடகு வைத்த குடும்பம் அது. அதன்பின் கற்றுத்தர ஆளில்லை. மூன்று மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது முழங்கால் முழுதும் நீளாமல், முழுதும் மடங்காமல் இறுகியிருந்தது. உள்ளே இருந்த மூட்டில் குறையில்லை என்றனர் மருத்துவர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே சென்று இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் சேர்க்கப்பட்டது. அது சேர்ந்ததை, மூட்டின் வரலாற்றில் உள்ள எந்த ஆண்டுக்கும் குறையாத ஒரு நிகழ்ச்சியாகவே நான் கருதுகிறேன்.

எனக்குப் பயிற்சியளித்த பெண் இரும்புச் செருப்பு எதையும் கொண்டுவரவில்லை. கணுக்காலில் ஒரு மணல் பையைக் கட்டிவிட்டு, "ஐயா, பத்துமுறை தூக்குங்கள், இளைப்பாறுங்கள், மறுபடி பத்து, மறுபடி பத்து" என்றார். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எங்கள் ஆசிரியர் சொன்னார் என்றார். நான் எண்ணத் தொடங்கினேன்.